வீடு திரும்பிய பிறகும் மூச்சு வாங்குகிறதே!

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஃப்ளூ காய்ச்சல் நிமோனியாவாக முற்றி, 12 நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஆக்சிமீட்டர் 97 காட்டுகிறது. ஆனால் மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிடுகிறார். மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியைத் தினமும் ஊதுகிறார். வெறும் பயம்தானா? (வாசகி, நாமக்கல்)

பதில்: பயம் இல்லை. 97 என்பது உட்கார்ந்திருக்கும்போது வரும் கணக்கு. நிமோனியாவில் காற்றறைகளின் சுவர் தடித்துப்போனால், ஆக்சிஜன் அதைத் தாண்டி ரத்தத்தில் சேரக் கூடுதல் நேரம் பிடிக்கும். சும்மா இருக்கும்போது அந்த நேரம் கிடைக்கிறது. படியேறினால் ரத்த ஓட்டம் வேகமெடுக்கிறது. நேரம் போதாமல் போகிறது.

அதனால் உழைக்கவைத்து அளக்க வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை ஊன்றாமல் ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்காரட்டும். ஆக்சிமீட்டர் விரலிலேயே இருக்கட்டும். நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் பாருங்கள், ஏனென்றால் கருவி சற்றுத் தாமதித்துத்தான் இறக்கத்தைக் காட்டும். 97 இருந்தது 93 அல்லது அதற்கும் கீழே போனால் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தப்பாக வரும். நெஞ்சுவலி இருந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழே இருந்தாலோ வீட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

அடுத்து, அந்தப் பந்துக் கருவி. அது ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு! நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டு, குழாயை உதட்டால் கவ்வி மெதுவாக உள்ளே இழுக்க வேண்டும். ‘விசுக்’கென்று இழுத்தால் மூன்று பந்தும் எகிறி உடனே விழும், பலன் இல்லை. முதல் பந்தை மட்டும் எழுப்பி மூன்று விநாடி நிறுத்துவது மேல். அதில் போட்டிருக்கும் 600, 900, 1200 என்பவை விநாடிக்கு எத்தனை மில்லி காற்று இழுக்கிறோம் என்ற வேகம். நுரையீரலுக்குப் போடும் மார்க் அல்ல. ஒரு தடவைக்கு பத்து மூச்சு போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

ஆனால் மாடிப்படி ஏறவைப்பது பந்து அல்ல, தொடை. ஐ.சி.யூ. படுக்கையில் முதலில் கரைவது தொடைத் தசைதான். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஐந்து நிமிடத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு நிமிடம் கூட்டுங்கள். மறுநாள் எழவே முடியாமல் அசந்துபோனால் முந்தைய அளவுக்கே இறங்கிவிடுங்கள். வீம்பு பிடித்தால் நாலு நாள் வீணாகும். ‘உடம்பு தேறட்டும்’ என்று கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால் தசை ஏறாது. 60 கிலோ எடைக்கு நாளைக்கு 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

மார்பு எக்ஸ்ரே இப்போது ஒன்று எடுங்கள். 12 வாரமாகியும் மூச்சு வாங்கினால் சி.டி. ஸ்கேனும், காற்றறையிலிருந்து ரத்தத்துக்குக் காற்று எவ்வளவு நன்றாகக் கடக்கிறது என்று அளக்கும் டி.எல்.சி.ஓ. பரிசோதனையும் தேவைப்படலாம். ஒரு கால் மட்டும் வீங்குவது, திடீர் நெஞ்சுவலி, சளியில் ரத்தம்: இவற்றுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்திருக்கலாம்.

கேள்வி: கொரோனா நிமோனியாவுக்குப் பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டேன். எட்டு மாதம் கழித்து இப்போது தொடை இடுக்கில் வலி. சம்மணம் போட முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். (வாசகர், தென்காசி)

பதில்: எக்ஸ்ரேயோடு விட்டுவிடாதீர்கள். ஸ்டீராய்டு அதிகமானால் தொடை எலும்பின் பந்து முனைக்கு ரத்தம் குறைந்து எலும்பு செத்துப்போகலாம். 2003-ல் ஹாங்காங்கிலும் பெய்ஜிங்கிலும் சார்ஸிலிருந்து (கொரோனா வகை வைரஸால் வந்த நுரையீரல் தொற்று) பிழைத்த பலருக்கு இதுதான் வந்தது. ஆரம்பத்தில் இது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். பந்து முனை நசுங்கும் முன் கண்டுபிடித்தால் மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம்; நசுங்கிய பிறகு பெரும்பாலும் செயற்கை மூட்டுதான். ‘வாயுப் பிடிப்பு’ என்று நீவிவிடச் சொல்லிக் காலத்தைப் போக்காதீர்கள். கூடவே சர்க்கரையையும் பாருங்கள். ஸ்டீராய்டு அதையும் ஏற்றும்.

கேள்வி: நிமோனியா குணமாகி மூன்று மாதம். சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வருகிறதே? (வாசகி, மதுரை)

பதில்: கடும் காய்ச்சலில் ஓய்வுக்குப் போன வேர்கள் இரண்டு, மூன்று மாதம் கழித்து முடியை உதிர்க்கின்றன. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்று, தானாக முளைக்கும். விலையுயர்ந்த எண்ணெய் தேவையில்லை. ஹீமோகுளோபினும் தைராய்டும் மட்டும் பார்த்துவிடுங்கள்.