ஆரம்பத்திலேயே புகழ் பெற்ற நடிகைகள் சம்பாதித்த சொத்து கடைசியில் எங்கே போகிறது?

சாவித்திரியைப் பற்றி எதையோ பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். ‘தானம் செய்தார், குடித்தார், சொந்தப் படம் எடுத்தார், எல்லாம் போயிற்று’ என்று எழுத இங்கே பலர் இருக்கிறார்கள். அவர் இயக்கிய ‘பிராப்தம்’ 1971இல் வெளிவந்து கையைச் சுட்டது உண்மைதான். ஆனால் சொந்தப் படம் எடுத்து நொடித்த கதாநாயகனை மட்டும் ஊர் ‘துணிச்சல்காரர்’ என்கிறது. நடிகைக்கு ‘ஏமாளி’ப் பட்டம். அது எனக்குப் பொறுக்கவில்லை.

எண்பதுகளில் தியாகராய நகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். நான் ஆடிட்டர் இல்லை, சட்டம் படித்தவளும் இல்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பதின்வயதிலேயே பெயர் வாங்கிய ஒரு நடிகையின் கோப்பு எங்களிடம் இருந்தது. (யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.) கால்ஷீட் பேசுவது அம்மா, பணத்தை எண்ணி வாங்குவது அண்ணன். ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் அவருடையது. சம்பளத்தில் ஒரு பகுதிக்குத்தான் ரசீது. மீதி எவ்வளவு என்று அண்ணனுக்கும் தயாரிப்பாளருக்கும்தான் தெரியும். இன்று இணையத்தில் ‘இந்த நடிகையின் சொத்து மதிப்பு இத்தனை கோடி’ என்று போடுகிறார்களே, படித்தால் சிரிப்புத்தான் வருகிறது.

வாய்ப்புகள் குறைந்த பிறகு, பழைய வரி பாக்கிக்கு நோட்டீஸ் வந்தது. அப்போதுதான் அவர் நேரில் வந்தார். “வீட்டை விற்றுக் கட்டிவிடலாமே சார்” என்றார், வெகு சாதாரணமாக. ஆடிட்டர் பத்திரத்தின் நகலை எடுத்துப் பெயரைக் காட்டினார். “அண்ணன் பெயர்தானே, அதனால் என்ன?” என்றார் நடிகை. வருமானம் அவர் பெயரில் வந்ததால் வரி அவர் தலையில். வீடு அண்ணன் பெயரில், ஊரில் வாங்கிய நிலம் அம்மா பெயரில். அந்த அண்ணன் வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. 1988இல் பினாமித் தடைச் சட்டம் வந்த பிறகு, ‘என் பணத்தில் வாங்கியது’ என்று வழக்குப் போடுவதும் கடினமாகிவிட்டது.

உடனே ‘எல்லா அண்ணன் தம்பிகளும் அப்படியா?’ என்று சண்டைக்கு வராதீர்கள். டி.ஆர். ராஜகுமாரி 1941இல் ‘கச்ச தேவயானி’யில் புகழ் பெற்றார், 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டது. தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு ஆர்.ஆர். பிக்சர்ஸ் தொடங்கி ‘கூண்டுக்கிளி’, ‘குலேபகாவலி’ எடுத்தார். பாண்டி பஜாரில் சொந்தத் தியேட்டர், அதுவும் தன் பெயரிலேயே! கே.பி. சுந்தராம்பாள் 1935இலேயே ‘பக்த நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் கேட்டு வாங்கியவர். எனவே புகழும் பெண்ணும் சேர்ந்தாலே பணம் தங்காது என்பது வெறும் கதை. பத்திரத்தில் யார் பெயர் என்று பாருங்கள், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இதற்கு நடிகையாக இருக்க வேண்டியதுகூட இல்லை. தாத்தாவின் நிலத்துக்காக என் அம்மாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போய், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள் என் மாமாக்கள். பதிலுக்கு ஒரு பட்டுப்புடவை. அந்த நிலம் மனையாக விலைபோனபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘உன் அம்மாவுக்குக் கணக்கு வழக்கே தெரியாது’ என்று இப்போதும் என்னிடமே சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்தத் தளத்தில் தினமும் பதில் எழுதுகிறார். படிக்கட்டும்.