காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் இத்தனை வருசமாய் வீதியில் இருந்து என்ன கண்டார்கள்? நட்டஈட்டை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருக்கலாமே?

நீங்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அம்மாவோ மாமியோ வெயிலில் போய் இருந்துவிட்டுக் கால் வீங்கித் திரும்புவதைப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் இந்தக் கேள்வி வரும். எங்கள் வீட்டிலும் வந்தது.

என் பெரியம்மா கிளிநொச்சி. அவவின் மகனை 2009 தொடக்கத்தில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, இயக்கம் (விடுதலைப் புலிகள்) வீட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. இதைச் சொன்னால் ஒரு பக்கம் கோபிக்கும், சொல்லாவிட்டால் மற்றப் பக்கம் "ஏன் மறைக்கிறீர்கள்" என்று வரும். பெரியம்மா எங்கே போனாலும் முழுவதையும் சொல்கிறவ. இயக்கம் கொண்டுபோனது, தப்பி வந்தான், மே மாதம் யுத்தம் முடிகிற நேரம், முல்லைத்தீவு வட்டுவாகலில் அவவே கூட்டிக்கொண்டு போய் ஆமியிடம் ஒப்படைத்தா. பதிந்துவிட்டு அனுப்புவோம் என்றார்கள். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான்.

2013 மார்ச்சில் இந்தக் குடும்பங்கள் மனுக் கொடுக்கக் கொழும்புக்குப் புறப்பட்டபோது வவுனியாவில் பொலிஸ் பஸ்களை மறித்தது. அடுத்த மார்ச்சில், மகனின் படத்தோடு எல்லாப் போராட்டத்திலும் முன்னுக்கு நின்ற பாலேந்திரன் ஜெயக்குமாரியைத் தர்மபுரத்தில் பிடித்து, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒரு வருடமளவு அடைத்து வைத்தார்கள். அந்த நாட்களில் எங்கள் ஒழுங்கைச் சனம் பெரியம்மா வீட்டுப் படலையைத் திறக்கவே பயந்தது.

அப்போதுதான் சிவில் உடுப்பில் ஒருவர் வந்தார். கூட்டத்துக்கு யார் கூப்பிடுவது, பஸ் காசு யார் தருவது, போன் நம்பர் என்ன என்று கேள்வி. பெரியம்மா கதிரை போட்டு இருத்திவிட்டு உள்ளே போய்ச் சொப்பிங் பையோடு வந்தா. பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், மனித உரிமை ஆணைக்குழு இலக்கம், மகனின் அடையாள அட்டைப் பிரதி எல்லாம் அதற்குள். ஒரு பிரதியை நீட்டி, "தம்பி, நீங்கள் அரசாங்க ஆள்தானே. பெற்றுக்கொண்டேன் எண்டு இதில ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றா. அவர் வைக்கவில்லை, தேத்தண்ணியும் குடிக்கவில்லை. பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். எல்லாரிடமும் அந்தக் கையெழுத்தைக் கேட்டா.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் முதல் நாளே போய் இருந்தா. அந்த வருடம் ஜனாதிபதி சிறிசேன தாய்மாரைச் சந்தித்து, சரணடைந்தவர்களின் பட்டியலை வெளிவிடச் செய்வதாக வாக்குக் கொடுத்தார். பட்டியல் வரவில்லை. 2018இல் காணாமற்போனோர் அலுவலகம் வந்தது. 2022இல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபா என்று அமைச்சரவை முடிவெடுத்தது. வாங்கினவர்களை நான் குறை சொல்லமாட்டேன், வறுமை எனக்கும் தெரியும். ஆனால் பெரியம்மா கேட்பது காசை இல்லை. மகனைக் கையில் வாங்கினவன் அவனை யாரிடம் கொடுத்தான் என்பதை. காசோடு கோப்பை மூடினால் அதைக் கேட்க ஆளில்லை. இத்தனை வருசமும் அந்தக் கோப்பு மூடப்படாமல் கிடப்பது இந்தப் பெண்களால்தான்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். நுண்கடன் கம்பனிக்காரர் இதே வீடுகளுக்கு இரவில் வந்து, தவணை தரும்வரை வாசலை விட்டு எழும்பாமல் இருக்கிறார்கள். ஆண் துணையில்லாத வீடு என்று பார்த்துத்தான் கடனே கொடுக்கிறார்கள். என் சிநேகிதி ஒருத்தி தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினாள். வீதியில் இருக்கும் தாய்மாருக்குப் புத்தி சொல்கிறவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

உங்கள் அம்மாவும் போகிறவ என்றால் மறிக்காதீர்கள், ஒருநாள் கூடப் போங்கள். அவவின் கடிதங்கள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மூலப் பிரதிகளை மழைக்கு நனையாத இடத்தில் வையுங்கள். எந்தத் திகதியில், எந்த இடத்தில், எந்த உடுப்புப் போட்டவரிடம் ஒப்படைத்தா என்பதை அவவின் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு இப்போது சுகமில்லை. அந்தப் பையோடு நான் போகிறேன்.