பயண நினைவுகளைப் படம் எடுப்பதைத் தவிர வேறு எப்படிப் பாதுகாக்கலாம்?

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். இந்தக் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரு 555 புத்தகம்.

மலேசியக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சட்டைப் பையில் அடங்கும் சின்னக் குறிப்புப் புத்தகம், அட்டையில் பெரிதாக 555 என்று போட்டிருக்கும். தோட்டத்துக் கடையில் கடன் எழுதுவது அதில்தான். 1986இல் அப்பா முதல் தடவையாகத் தமிழ்நாட்டுக்குப் போனபோது இரவல் கேமரா ஒன்று, 36 படம் எடுக்கிற சுருள் இரண்டு, இந்தப் புத்தகம் ஒன்று கொண்டுபோனார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசு, கணக்கு வைக்காமல் செலவழிக்க அவருக்கு மனம் வராது.

ஒரு சுருள் கடையில் கழுவும்போதே பாழாகிவிட்டது. இன்னொன்றின் படங்களை, பிளாஸ்டிக் தாளைத் தூக்கி ஒட்டுகிற பசை ஆல்பத்தில் வைத்தார். எங்கள் ஊர் ஈரக் காற்றுக்கு அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தோடு பிடித்துக்கொண்டது. (உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் பிய்க்காதீர்கள். பல் இடுக்கில் விடுகிற நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து மெல்ல அறுத்தால் பெரும்பாலும் கிழியாமல் வந்துவிடும்.) தப்பித்த படங்களில் ஒன்று: புளியமரத்தடியில் அப்பா, அவரைச் சுற்றி ஐந்து பேர். அப்பாவும் போய்விட்டார். அந்த ஐந்து பேர் யார் என்று சொல்ல இன்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை.

ஆனால் 555 புத்தகம் பேசுகிறது. 'மாயவரம் பஸ் ஸ்டாண்டு, காப்பி 2, ரூ. 1.50.' யாரோடு குடித்த இரண்டாவது காப்பி? அடுத்த வரியிலேயே 'சின்ன மாமாவுக்கு பஸ் காசு' என்று இருக்கிறது. 'அத்தைக்குப் புடவை. வேண்டாம் என்றார், கொடுத்தேன்.' அந்த ஒரு வரியில் அத்தை முகமே தெரிகிறது எனக்கு.

அதனால் நானும் பயணம் போனால் செலவுக் கணக்கு எழுதுகிறேன். அன்றன்று ராத்திரி, படுக்கும் முன், கையால். என்ன வாங்கினேன், யார் கொடுத்தார், என்ன பேசினார். அழகாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் இரண்டாம் நாளே விட்டுவிடுவோம். கணக்கு அப்படியில்லை, எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்புறம், இப்போது கிடைக்கிற ரசீது, டிக்கெட் பலவும் சூட்டில் அச்சாகிற வழவழத் தாள். சில வருடத்தில் வெறும் வெள்ளையாகிவிடும், அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) முத்திரையையும் நம்ப முடியாது. மலேசியக் குடிநுழைவுத் தானியங்கி வாசலில் மலேசியர்கள் நாம் போய்வந்தால் முத்திரையே விழாது. கைப்பேசிப் படங்களுக்கு வேறு இரண்டு இடங்களிலாவது நகல் வேண்டும், அவ்வளவுதான்.

போன வருடம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அவர் தாத்தா இங்கே பால் வெட்டியவர். தோட்டம் எப்போதோ செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆகிவிட்டது. லயமும் இல்லை, கோயில் மட்டும் நிற்கிறது. வருகிற வழியில் கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரத்தைப் படம் எடுத்திருந்தார். பிரேசில் விதையிலிருந்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் முளைத்து, கடல் தாண்டி வந்த கன்றுகளில் ஒன்று அது. எல்லாரும் அங்கிருக்கும் தகவல் பலகை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள், தப்பில்லை.

எங்கள் வீட்டுப் பின்னால் நாலைந்து பால்மரம் இன்னும் இருக்கிறது. அங்கே அவர் விதை பொறுக்கினார். சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி அடுத்தவன் கையில் வைப்பது எங்கள் சின்ன வயது விளையாட்டு, அதைச் செய்து காட்டினேன். 'அனுமதி இல்லாமல் விதையை நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது, விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்' என்றேன். சரி என்று, ஒரு விதையை நோட்டில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அதன் மேலிருக்கும் பழுப்புத் திட்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டார். அரைமணி நேரம் ஆனது. பக்கத்தில் என் அம்மா பெயரையும் தேதியையும் எழுதிக்கொண்டார்.

பிறகு அம்மா முன்னால் கைப்பேசியை வைத்து, 'லயத்தில் யார் யார் இருந்தார்கள் பாட்டி?' என்று கேட்டார். அம்மா, விடியற்காலைப் பிரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில்) தண்டல், அதாவது மேற்பார்வையாளர், பேர் கூப்பிடுகிற மாதிரி, முதல் வீட்டிலிருந்து வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஏழாவது வீட்டில் அந்தப் பெண்ணின் தாத்தா பெயர் வந்தது. இத்தனை வருடத்தில் நான் அம்மாவிடம் அதைக் கேட்டதே இல்லை.

பதினொரு நிமிடப் பதிவு. எனக்கும் ஒரு நகல் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினார். நடுவில் அம்மா நிறுத்தி, 'பசியாறிட்டுப் பேசலாம் வாம்மா' என்கிறார். அந்த இடத்தை வெட்டிவிடாதீர்கள் என்று அவருக்குப் பதில் எழுதினேன்.