ஆனர்ஸ் வருடம்: சேரலாமா, வேலைக்குப் போகலாமா?

ஆஸ்திரேலியாவில் மூன்று வருட உயிரியல் பட்டம் முடிகிறது, அதன் பிறகு தனியாகச் சேரும் ஆய்வு வருடமான ஆனர்ஸுக்கு இன்னொரு வருடம் செலவழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அந்த வருடத்தைக் கடந்து வந்தவன். பி.எச்டி. எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் தயங்காமல் சேருங்கள். அங்கே முதல் வகுப்பு ஆனர்ஸ் இருந்தால் முதுகலை படிக்காமலே நேராக பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கலாம். உதவித்தொகைப் போட்டியிலும் அதற்குத்தான் மதிப்பு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதல் வகுப்பு என்றால் நூற்றுக்கு 80 அல்லது அதற்கு மேல்.

வகுப்புகள் குறைவுதான். வருடத்தின் பெரும்பகுதி ஒரே ஓர் ஆய்வு, கடைசியில் ஆய்வேடு. முதல் மூன்று வருடம் ஆய்வகத்தில் விடை தெரிந்த சோதனைகளைத்தான் செய்திருப்பீர்கள். இங்கே விடை யாருக்கும் தெரியாது, ஆய்வுக்கு வழிகாட்டும் சூப்பர்வைசருக்கும்கூட. ஏப்ரலில் நான் வைத்த விதைகளில் பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்தது. ஆறு வார உழைப்பு குப்பைக்குப் போனது. அழுகையே வந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து காரணத்தைத் தேடியபோதுதான் ஆய்வு என்றால் என்னவென்று புரிந்தது.

இப்படி மாட்டிக்கொள்ளும்போது கைகொடுக்க வேண்டியவர் சூப்பர்வைசர்தான். அதனால் தலைப்பைவிட அவரை முக்கியமாகப் பாருங்கள். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களைத் தனியாகச் சந்தித்து, எழுதிக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தித் தருகிறார் என்று கேளுங்கள். வேலைக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றால், சரி, நீங்கள் விரும்பும் வேலை விளம்பரங்களில் ஆனர்ஸ் கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பல வேலைகளுக்கு அது தேவையில்லை.