பழைய டர்பைன் டிஸ்க், கூடவே ஒரு ஃபார்ம் 1: நம்பி எடுக்கலாமா?

"கழட்டின சிஎஃப்எம்56 விமான இன்ஜின்லேர்ந்து ஒரு டர்பைன் டிஸ்க் (பிளேடுகள தாங்கிச் சுத்துற வட்டு) கம்மி விலைக்கு வருது, பார்ட்ட விமானத்துல போடலாம்னு குடுக்கிற சான்றிதழான ஃபார்ம் 1 பிடிஎஃப்பும் அனுப்பிட்டாங்க, பாக்க புதுசு மாதிரி இருக்கு, எடுத்துக்கலாமா சார்?"னு ஸ்டோர்ஸ்ல வேலை பாக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார்.

தம்பி, பாக்க எப்படி இருக்குங்கிறத வச்சு முடிவு பண்ணாதீங்க. டிஸ்க்கோட ஆயுசு சைக்கிள் கணக்கு, ஒரு தடவை ஏறி இறங்கினா ஒரு சைக்கிள், அது உலோகத்த பாத்தா தெரியாது, ரெக்கார்ட்ல மட்டும்தான் இருக்கும். அதனால ஃபேக்டரிய விட்டு வந்த நாள்லேர்ந்து எந்த இன்ஜின்ல, எந்த ஏர்லைன்ல, எத்தனை சைக்கிள் ஓடுச்சுன்னு விட்டுப்போகாம கேளுங்க, பேக் டு பர்த்னு சொல்றது இதத்தான். நடுவுல ஆறு மாசம் கணக்கு இல்லன்னாலும் எனக்கு அந்த டிஸ்க் வேணாம்.

அடுத்து அந்த பிடிஎஃப். அதுல இருக்கிற நம்பருக்கு கூப்பிடாதீங்க, ஃபார்ம் குடுத்ததா போட்டிருக்கிற கம்பெனியோட நம்பர நீங்களா தேடி எடுத்து கேளுங்க. 2023ல ஏஓஜி டெக்னிக்ஸ்ங்கிற லண்டன் பார்ட்ஸ் வியாபாரியோட போலி பேப்பர் விவகாரம் அப்படித்தான் வெளிய வந்துச்சு: போர்ச்சுகலோட டிஏபி (TAP) ஏர்லைன் மெயின்டனன்ஸ் ஆளுங்க புதுசுன்னு வந்த பார்ட் பழசா தெரியுதேன்னு இன்ஜின் தயாரிக்கிற சாஃப்ரான் கம்பெனிகிட்ட கேக்க, அவங்க இது எங்க பேப்பரே இல்லன்னுட்டாங்க. ஒரே ஒரு கேள்விதான்! அப்புறம் ஃபார்ம்ல 11வது கட்டத்துல 'இன்ஸ்பெக்டட்'னு இருந்தா அது ஓவர்ஹால் ஆனதில்ல, எந்த மேனுவல்படி, அதோட எந்த ரிவிஷன்படி பாத்தாங்கன்னு 12வது கட்டத்த நிதானமா படிங்க.

பேப்பர் சரின்னா மட்டும் இன்ஜின் பார்ட்ட சோதிக்கிற ஷாப்புக்கு அனுப்புங்க, அந்த பார்ட் நம்பர் அவங்க அப்ரூவல்ல இருக்கான்னு பாத்துட்டு. அங்க டிஸ்க்க நல்லா கழுவி, பெனிட்ரன்ட்னு சொல்ற, விரிசலுக்குள்ள ஊறிப் போற ஒளிரும் திரவத்துல நனைச்சு, மேல இருக்கிறத அலசிட்டு, உள்ள போனத வெளிய இழுக்கிற டெவலப்பர் பொடி தூவி இருட்டு ரூம்ல யூவி லைட் அடிப்பாங்க, விரிசல் இருந்தா முடி மாதிரி ஒரு பச்சைக் கோடு தெரியும். பாக்கிறவர் கண்ணு இருட்டுக்குப் பழகணும், வெளிச்சத்துக்கு நிறம் மாறுற கண்ணாடி போட்டிருக்கக் கூடாது. அவசரப்படுத்தாதீங்க தம்பி. 1989ல யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானம் அமெரிக்காவுல சூ சிட்டில விழுந்து 110 பேருக்கு மேல செத்தாங்க, உடைஞ்ச ஃபேன் டிஸ்க்ல அதுக்கு முன்ன இதே பெனிட்ரன்ட் டெஸ்ட் பண்ணப்போ விரிசல் இருந்திருக்கு, கண்ணுல படல.

பணம் குடுக்கிறதுக்கு முன்ன டிஸ்க் மேல பொறிச்சிருக்கிற சீரியல் நம்பர கிட்டக்க போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, ஃபார்ம்ல இருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒத்துப் பாருங்க.