இங்கிலாந்து கிராமப்புறத்தில் பார்க்க வேண்டிய பழைய இடங்கள் எவை?

லண்டன் போக மீதி நாட்களில் கிராமப்புறமும் வரலாற்றுச் சின்னங்களும் பார்க்க வேண்டும், கூடவே அப்பா அம்மாவும் வருகிறார்கள், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், வின்ட்சர் மூன்றையும் ஒரே நாளில் காட்டும் பஸ் டூரில் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். அந்த டூரில் நாளின் பெரும்பகுதி பஸ்ஸிலேயே கழியும். ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, நாலு போட்டோ எடுத்து, ஓடி வந்து ஏற வேண்டியதுதான். அதற்குப் பதில் லண்டனுக்கு மேற்கே உள்ள வில்ட்ஷயர் மாவட்டத்தில் இரண்டு மூன்று நாள் தங்குங்கள். நான் ஸ்விண்டனில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கூட்டிக்கொண்டு போவது ஏவ்பரிக்குத்தான். ஸ்டோன்ஹெஞ்சைவிட எனக்கு இது ஒரு படி மேல்.

ஏவ்பரியில் இருப்பது, பெரிய கற்களை வட்டமாக நட்டுவைத்த கல்வட்டங்களில் உலகத்திலேயே பெரியது. வெளிவட்டத்தின் குறுக்களவு 330 மீட்டருக்கும் மேல். அதைச் சுற்றி அகழி, அகழியைச் சுற்றி மண்கரை. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால், மான்கொம்பைக் கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் குத்திக் குத்தி ஒன்பது மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் தூர்ந்துபோன இன்றும் விளிம்பில் நின்று கீழே பார்த்தால் வயிற்றைக் கலக்கும். வட்டத்துக்குள்ளேயே ஒரு கிராமம் இருக்கிறது. வீடுகள், பப், நடுவே போகும் தார்ச்சாலை எல்லாமே கற்களுக்கு இடையில்தான். டிக்கெட் கிடையாது, கயிறு கட்டித் தடுப்பதும் கிடையாது. காரில் வந்தால் பார்க்கிங்குக்கு மட்டும் பணம்.

கல்லைத் தொடலாம், அதுதான் விசேஷம். சார்சன் என்கிற சாம்பல்நிற மணற்கல். தூரத்திலிருந்து பார்க்கும்போது வெறும் பாறையாகத்தான் தெரியும். கிட்டே போனால் மேலெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகப் பாசி படர்ந்திருக்கும். இடுப்புயரத்துக்குக் கீழே சில கற்கள் வழவழவென்று இருக்கும், ஆடுகள் வந்து உரசிக்கொள்ளும் இடம். சில கற்களில் கை நுழையும் அளவுக்குப் பொந்து. வெயில் இருந்த நாளில் சாயங்காலம் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியும்.

கற்கள் இருக்க வேண்டிய இடங்கள் பலவற்றில் சின்னக் கான்கிரீட் தூண்கள்தான் நிற்கும். அதற்குப் பின்னால் வருத்தமான கதை ஒன்று இருக்கிறது. இடைக்காலத்தில் பல கற்களைக் கவிழ்த்து மண்ணில் புதைத்தார்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் உடைக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். கல்லைச் சுற்றித் தீ மூட்டிக் காய்ச்சி, பச்சைத் தண்ணீரை ஊற்றி, விரிசல் விட்டதும் சம்மட்டியால் அடிப்பார்கள். அந்தத் துண்டுகளால் கட்டிய வீட்டுச் சுவர்கள் இன்றும் கிராமத்தில் இருக்கின்றன. வில்லியம் ஸ்டூக்லி என்ற பழம்பொருள் ஆய்வாளர் 1720களில் இங்கே வந்து, உடைபடுவதைக் கண்ணால் பார்த்து, மிச்சமிருந்ததை வரைபடமாக்கி வைத்தார். அவர் அதைச் செய்யாமல் போயிருந்தால் பல கற்கள் எங்கே நின்றன என்பதே இன்று தெரிந்திருக்காது.

இருநூறு வருஷம் கழித்து, மார்மலேட் கம்பெனிக் குடும்பத்து வாரிசான அலெக்சாண்டர் கீலர் வந்தார். நிலத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கி, 1930களின் கடைசியில் புதைந்த கற்களைத் தோண்டியெடுத்து மறுபடி நிமிர்த்தினார். கல் காணாமல் போன குழிகளில் கான்கிரீட் தூண் நட்டது அவர்தான். 1938-ல் ஒரு கல்லின் அடியில் எலும்புக்கூடு ஒன்று கிடைத்தது. கூடவே கத்தரிக்கோல், வைத்தியர் பயன்படுத்தும் இரும்புக் கருவி, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்து வெள்ளிக்காசுகள். கல்லைப் புதைக்கும்போது அது சரிந்து விழுந்து அந்த ஆள் செத்தார் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். எலும்பைப் பிற்காலத்தில் மறுபடி ஆராய்ந்தவர்கள் நசுங்கிய அடையாளம் இல்லை என்கிறார்கள். கீலர் 1943-ல் இடத்தை நேஷனல் டிரஸ்டுக்கு விற்றார். அந்த அறக்கட்டளைதான் இன்றும் பராமரிக்கிறது.

ஏவ்பரியைப் பார்த்தோம், கிளம்பினோம் என்று வந்துவிடாதீர்கள். உண்மையான சுகம் அங்கிருந்து நடப்பதில்தான் இருக்கிறது. ஆற்றோரமாகத் தெற்கே போனால் சில்பரி ஹில். பார்த்தால் குன்று, ஆனால் முழுக்க மனுஷர்கள் கட்டியது. முப்பது மீட்டருக்கும் மேல் உயரம், ஏறக்குறைய ஐந்து லட்சம் டன் மண்ணும் சுண்ணாம்பும், கி.மு. 2400 வாக்கில். ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய பழங்கால மண்மேடு இல்லை. புதையல் இருக்கும், ராஜாவின் சமாதி இருக்கும் என்று 1776-லும் 1849-லும் 1968-லும் துளைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. பழைய துளையால் 2000-ல் உச்சியில் பெரும்பள்ளம் விழுந்து, அப்புறம் உள்ளே நிரப்பிச் சரிசெய்தார்கள். மேலே ஏற அனுமதி இல்லை. யாராவது ஏறுவதைப் பார்த்தாலும் நீங்கள் ஏறாதீர்கள். புல் பெயர்ந்தால் மேடு கரையும்.

பெரிய சாலையைக் கடந்து, வயல் நடுவே மேட்டில் ஏறினால் வெஸ்ட் கென்னட் லாங் பேரோ. கி.மு. 3650 வாக்கில் கட்டிய கல்லறை. ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்களை நிறுத்துவதற்கு ஆயிரம் வருஷத்துக்கும் முந்தையது. நூறு மீட்டர் நீளத்துக்கு மண்மேடு, ஒரு முனையில் ஐந்து அறைகள். குறைந்தது 36 பேருடைய எலும்புகள் இங்கே இருந்தன. கதவில்லை, காவலாள் இல்லை. உள்ளே நுழைந்தால் நின்றபடியே நடக்கலாம். 1950களில் பழுதுபார்த்தபோது கூரையில் பதித்த கண்ணாடிக் கட்டிகள் வழியாக மங்கலாக வெளிச்சம் விழும். கடைசி அறையில் யாரோ வைத்துவிட்டுப் போன காட்டுப்பூ அநேகமாக எப்போதும் இருக்கும். டார்ச் எடுத்துப் போங்கள்.

அங்கிருந்து ஈஸ்ட் கென்னட் கிராமம் வழியாகச் முன்பு கல்வட்டம் இருந்த சாங்சுவரி என்ற இடத்துக்குப் போய், இரண்டு வரிசையாகக் கற்கள் நிற்கும் பழைய பாதையில் ஏவ்பரிக்கே திரும்பலாம். மொத்தம் சுமார் பத்து கிலோமீட்டர். இவை எல்லாவற்றையும் நடந்து கடந்தால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அமைந்திருப்பது புரியும். காரில் ஒவ்வொன்றாக இறங்கிப் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடுவதே இல்லை.

அடுத்தவர் வயலில் எப்படி நடப்பது என்று தயங்க வேண்டாம். பொதுப்பாதை என்று பதிவான வழி யாருடைய நிலத்தில் போனாலும், அதில் நடக்கச் சட்டப்படி எல்லோருக்கும் உரிமை உண்டு. சுற்றுலா வந்தவருக்கும்தான். கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவர்களுக்கான பாதை, நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் வரலாம். திறந்தவெளி மேடுகளில் நடக்கிற உரிமை சும்மா வரவில்லை. டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் 1932-ல் தடையை மீறி நூற்றுக்கணக்கானவர்கள் ஏறினார்கள், ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். 1949-ல் ஒரு சட்டம், 2000-ல் இன்னொரு சட்டம் என்று படிப்படியாகக் கிடைத்தது. நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டு வாருங்கள், பயிரை மிதிக்காதீர்கள், கன்றோடு நிற்கும் பசுவிடம் கிட்டே போகாதீர்கள்.

அப்பா அம்மாவுக்குப் பத்து கிலோமீட்டர் அதிகம்தான். அவர்கள் ஏவ்பரி வட்டத்துக்குள் நிதானமாகச் சுற்றட்டும், பாதிக் கற்கள் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இன்னொரு நாள் லேகாக் கிராமத்துக்குக் கூட்டிப்போங்கள். பழைய வீடுகளும் தெருக்களும் அப்படியே இருக்கும், ஏற்றமே இல்லை. அங்குள்ள லேகாக் ஆபி என்ற பழைய மடாலயத்தின் ஜன்னலைத்தான் 1835-ல் ஃபாக்ஸ் டால்பட் படம் பிடித்தார். உலகில் இன்று மிஞ்சியிருக்கும் போட்டோ நெகட்டிவ்களில் மிகப் பழையது அது.

ஸ்டோன்ஹெஞ்சை விடவே மனசில்லை என்றால் சாலிஸ்பரியோடு சேர்த்து ஒரு நாள். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ரயில் ஒன்றரை மணி நேரம், ஸ்டேஷன் வாசலிலிருந்தே பஸ் கிடைக்கும். ஸ்டோன்ஹெஞ்ச் டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள். சாதாரண நேரத்தில் கற்களுக்குக் கிட்டே விடமாட்டார்கள், தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். சாலிஸ்பரி தேவாலயத்தின் 123 மீட்டர் கோபுரம்தான் பிரிட்டனின் தேவாலயக் கோபுரங்களில் உயரமானது. ராஜாவின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215-ன் மாக்னா கார்ட்டா சாசனத்தின் மூலப்பிரதிகளில் மிஞ்சிய நான்கில் ஒன்று உள்ளே இருக்கிறது. அதைக் கட்டாயம் பாருங்கள்.

ஏவ்பரிக்கு லண்டன் பாடிங்டனிலிருந்து ஸ்விண்டன் வரை ஒரு மணி நேர ரயில், அப்புறம் 49-ஆம் நம்பர் பஸ். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சாயங்காலத்துக்கு மேல் கிராமங்களில் பஸ் குறைவு. நல்ல பிடிமானமுள்ள ஷூ அவசியம், ஈரச் சுண்ணாம்பு வழுக்கும். பப் சமையலறைகள் பலவும் மதியம் இரண்டரைக்கு மூடிவிடும், அதற்குள் சாப்பிடுங்கள். சைவம் கிடைக்கும். ஜூனில் வந்தால் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், சில்பரி பக்கத்து ஆற்றோரப் பாதையில் தண்ணீரும் ஏறி நிற்கும். எந்த மாதம் வருகிறீர்கள் என்று கீழே எழுதினால், எந்த வழியில் நடப்பது என்று சொல்கிறேன்.