மூலிகை டீ குடித்தால் தூக்கம் வருமா?

கேள்வி: எனக்கு வயது 46. படுத்து ஒரு மணி நேரம் புரண்ட பிறகுதான் கண் அசருகிறது. தூக்க மாத்திரை பழகிவிடுமோ என்று பயம். சீமைச் சாமந்தி டீ, வலேரியன், அமுக்கரா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றில் நிஜமாகவே தூக்கம் தரும் பொருள் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் நீங்கள் குடிக்கும் அளவில் அது எவ்வளவு வேலை செய்யும் என்பது வேறு விஷயம்.

மூளையின் பரபரப்பை அடக்குவது காபா என்ற வேதிப்பொருள். அது நரம்பு செல்லின் ஏற்பியில், அதாவது செல் செய்தி வாங்கும் இடத்தில், போய் ஒட்டினால் அந்த செல் அடங்கும். தூக்க மாத்திரைகள் பலவும் இந்த ஏற்பியைத்தான் குறிவைக்கின்றன. சீமைச் சாமந்தியில் உள்ள அபிஜெனின், வலேரியன் வேரில் உள்ள வலேரெனிக் அமிலம் இரண்டும் இதே ஏற்பியில் ஒட்டுவது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் அபிஜெனினின் பிடி மாத்திரையின் பிடியைவிடத் தளர்வானது. தண்ணீரிலும் அது அவ்வளவாகக் கரையாது. ஒரு கோப்பை டீயில் ரத்தம் வரை போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

அதற்காக டீயை விட்டுவிடச் சொல்லவில்லை. கொதித்த நீரை ஊற்றியதும் கோப்பையைத் தட்டால் மூடி, பத்து நிமிடம் விடுங்கள். தட்டைத் திருப்பினால் அடியில் நிற்கும் நீர்த்துளிகளில் பூவின் வாசம் அடிக்கும். திறந்து வைத்திருந்தால் ஆவியோடு போயிருக்கும் எண்ணெய் அது. அந்தத் துளிகளையும் கோப்பையிலேயே தட்டிவிடுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுராத்திரி சிறுநீருக்கு எழ வேண்டிவரும்.

வலேரியனைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017இல் சொன்ன ஆலோசனை. நானும் அதை எழுதிக் கொடுப்பதில்லை.

அமுக்கராவுக்கு ஓரளவு நல்ல சான்று உண்டு. அதன் வேரில் உள்ள வித்தனோலைடுகள் மன உளைச்சலைக் குறைத்து, அதன் வழியாகத் தூக்கத்துக்கு உதவுவதாகத் தெரிகிறது. பலன் மிதமானதுதான், வாரக்கணக்கில் எடுத்தால்தான் தெரியும். ஒரே இரவில் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். அப்புறம், மூலிகைதானே என்று அலட்சியம் வேண்டாம். அமுக்கரா எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் சீமைச் சாமந்தியையும் தவிர்ப்பது நல்லது. தூக்க மாத்திரையோடும் மதுவோடும் இந்த மூன்றில் எதையுமே சேர்க்காதீர்கள்.

சரி, மாலையில் காபி குடிக்கிறீர்களா? குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவில் பத்து மணிக்குப் படுக்கிறவர் ஆறு மணிக்குக் காபி குடித்திருந்தால், எந்த மூலிகையும் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முதலில் இரண்டு வாரம் மதியத்தோடு காபியை நிறுத்திப் பாருங்கள்.

வாரத்தில் மூன்று இரவாவது இப்படிப் புரண்டு, அது மூன்று மாதம் தாண்டியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை பற்றிக் கேளுங்கள். அதில் மாத்திரையே இல்லை, பழகிவிடும் பயமும் வேண்டாம். இதுவரை எடுத்த மூலிகைகளின் பெயர்களையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், டப்பாவையே கொண்டுபோனாலும் நல்லதுதான்.